ஆன்டிபயாடிக் உறையில் பெயர் வேண்டும்

“வெள்ளையா, நீளமா, நடுவுல ஒரு கோடு போட்டிருந்திச்சு அக்கா.”

சாப்பிட்ட மாத்திரை என்ன என்று கேட்டால் பூம்புகார் வட்டாரத்தில் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். அரசு மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, தர்மகுளம் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனால் அக்கம்பக்கத்தார் என்னிடம் வந்து கேட்பார்கள். அவர்கள் கையில் இருப்பது அட்டையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு. பெயரும் காலாவதித் தேதியும் இருந்த பாதி கடையிலேயே தங்கிவிடும். அந்தத் துண்டுகூட இல்லாமல், செய்தித்தாள் பொட்டலத்தில் காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, கேப்சூல் மூன்றும் கலந்து “செட்டு” என்று வருவதும் உண்டு.

வெள்ளையாக, நீளமாக, நடுவில் கோட்டோடு இருக்கும் மாத்திரைகளை நான் அடுக்கிக்கொண்டே போகலாம். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த 625, அசித்ரோமைசின் 500, சிப்ரோஃப்ளாக்சசின் 500, செஃபிக்சிம் 200. பல கம்பெனிகளின் தயாரிப்பில் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே எழுத்தைப் படித்துத்தான் பிரிக்க வரும். ஆனால் கிருமியின் உடம்பில் இவை தாக்குகிற இடம் வேறு வேறு. நம் உடம்பில் செய்யக்கூடிய கெடுதலும் வேறு வேறு. ஒருவருக்கு உயிர் கொடுக்கிற மாத்திரை, அதே காய்ச்சலுக்கு அதே கடையில் வாங்கிய இன்னொருவரை மூச்சுத் திணறவைத்துப் படுக்கையில் தள்ளிவிடும்.

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். தமிழ்நாட்டில் எந்த மருந்துக் கடையிலிருந்தும், எந்த மருத்துவமனைச் சன்னலிலிருந்தும் ஆன்டிபயாடிக் மாத்திரை பெயர் எழுதாத உறையில் வெளியே போகக் கூடாது. உறையில் தமிழில் மருந்தின் பெயர், அது எந்த வகை, எத்தனை நாள், எதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது, என்ன நடந்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும் என்று இருக்க வேண்டும். இதைக் கட்டாயமாக்குங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு மருந்துகளின் வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பென்சிலினிலிருந்து தொடங்குகிறேன். 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் ஒரு பூஞ்சையில் கண்டுபிடித்தது. பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது அந்தச் சுவர்தான். கிருமி வளரும்போது சுவரை ஓயாமல் இணைத்துக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பென்சிலின் அந்த இணைப்பு வேலையைத் தடுத்துவிடுகிறது. ஐப்பசி மழையில் வாய்மடை அடைக்காத வரப்பு உடைவதுபோல, உள்ளே புகுகிற தண்ணீர் தாங்காமல் கிருமி வெடித்துப் போகிறது. மனித உயிரணுவுக்கு அப்படி ஒரு சுவரே கிடையாது. அதனால்தான் இந்த வகை நம்மை அதிகம் தொடாமல் கிருமியை மட்டும் கொல்கிறது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளாக்சசிலின் எல்லாம் இந்தக் குடும்பம். ‘செஃப்’ என்று தொடங்கும் செஃபிக்சிம், செஃபோடாக்சிம், செஃப்ட்ரியாக்சோன் ஆகியவை சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள். தாக்கும் இடம் அதே சுவர்தான்.

இந்தக் குடும்பத்தில் பயப்பட வேண்டியது ஒவ்வாமை. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்து. ஒருமுறை இப்படி வந்தவர், வாழ்நாள் முழுக்க எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாக “எனக்குப் பென்சிலின் ஒத்துக்காது” என்று சொல்லியாக வேண்டும். “வெள்ளையா நீளமா இருந்தது ஒத்துக்காது” என்று சொன்னால் எந்த மருத்துவரால் என்ன செய்ய முடியும்? நான் வருத்தப்படும் இடம் இதுதான். ஆபத்து ஒருமுறை வந்து தப்பித்த பிறகும், அந்த ஆபத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. அடுத்த முறை அதே குடும்பத்து மாத்திரையை வேறொரு கடை கொடுக்கும்.

இரண்டாவது வகை, கிருமிக்குள் புரதம் செய்யும் பட்டறையில் புகுந்து வேலையை நிறுத்துவது. ரைபோசோம் என்ற அந்தப் பட்டறை நமக்கும் உண்டு. ஆனால் அமைப்பு வேறு என்பதால் மருந்து கிருமியுடையதைத் தேடிப் பிடிக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின், எரித்ரோமைசின், ஒரு காலத்தில் டைஃபாய்டுக்கு எல்லோரும் சாப்பிட்ட குளோரம்ஃபெனிகால் எல்லாம் இங்கே வரும். ஒரே பட்டறையைத் தாக்கினாலும் பக்கவிளைவு ஒன்றுபோல் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் உட்காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை. போன காது பெரும்பாலும் திரும்பாது. அசித்ரோமைசின் சிலருக்கு இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் எச்சரித்தது. ஏற்கெனவே இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் இதை வாங்கவே கூடாது. குளோரம்ஃபெனிகால் அரிதாக எலும்பு மஜ்ஜையையே வறளச் செய்துவிடும். அதனால்தான் அது இன்று பெரும்பாலும் கண் சொட்டு மருந்தாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

டாக்சிசைக்ளினைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். நம் காவிரிக் கடைமடைக்கு மிகவும் வேண்டப்பட்ட மருந்து அது. வயல் சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் கீறல் வழியாக உள்ளே போகிறது. புல்லும் புதரும் மண்டிய வரப்பில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வருவது ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். கடித்த இடத்தில், பலருக்கும் அக்குளிலோ இடுப்பிலோ, பீடியால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். இந்த ஸ்க்ரப் டைபஸ் கிருமி நம் உயிரணுவுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. சுவரைத் தாக்குகிற அமாக்சிசிலினோ செஃபிக்சிமோ இதை ஒன்றும் செய்யாது. அதற்கு டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோதான் வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு, நோய் முற்றியவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் கிடைக்கிறது என்று காட்டியது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த “பவரான” செஃபிக்சிமைத் தின்றுகொண்டு ஒரு வாரத்தை வீணாக்கினால், அந்த ஒரு வாரத்தில் நுரையீரலும் சிறுநீரகமும் போய்விடும்.

மருந்து சரியாக இருந்தும் தவறிப்போன ஒரு கதையையும் சொல்கிறேன். எங்கள் தெருவில் நடவுக்குப் போகும் ஒரு பெண். இடுப்பில் கருப்புப் பொருக்கைப் பார்த்த மருத்துவர் சரியாகவே டாக்சிசைக்ளின் எழுதியிருக்கிறார். காய்ச்சல் இறங்கியதும் வயலுக்குப் போய்விட்டார். மாலையில் வந்து பார்த்தால் முகமும் முன்கையும் புறங்கழுத்தும் வெந்து சிவந்திருக்கின்றன. சேலை மறைத்த இடம் மட்டும் நன்றாக இருக்கிறது. “மாத்திரை சூடு பண்ணிடுச்சுக்கா, நிறுத்திட்டேன்” என்றார். டாக்சிசைக்ளின் சாப்பிடும் நாட்களில் தோல் வெயிலைத் தாங்காது. தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, முடிந்தால் நாலைந்து நாள் நிழல் வேலை, இவ்வளவுதான் தேவை. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நிறுத்தினார், காய்ச்சல் திரும்ப வந்தது, இரண்டாவது முறை மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை போக வேண்டியதாயிற்று. இன்னும் இரண்டு விஷயமும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒன்று, இந்த மாத்திரையை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். வாய்த் தண்ணீரில் விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். மற்றொன்று, ரத்தசோகைக்கு அவர் சாப்பிட்டுவந்த இரும்புச் சத்து மாத்திரை இதைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விட வேண்டும். பாலும் அப்படித்தான். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் டெட்ராசைக்ளின் குடும்பத்தை மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. டெட்ராசைக்ளின் வளரும் பல்லில் படிந்து கறையாக்கிவிடும்.

இத்தனையும் ஒரு சின்ன உறையில் அச்சடிக்கக் கூடியவை. நான்கு வரி.

மூன்றாவது வகை கிருமியின் மரபணு முறுக்கைப் பிரிக்கும் நொதியைப் பிடித்து நிறுத்துவது. சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின். வயிற்றுப்போக்கு என்று போய் நின்றால் நம்மூரில் கேட்காமலே கிடைப்பது இந்தக் குடும்பத்தோடு டினிடசோலோ ஆர்னிடசோலோ சேர்ந்த மாத்திரை. பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் போதும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. இந்த ‘ஃப்ளாக்சசின்’ குடும்பம் தசைநாரைப் பலவீனமாக்கும். குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கெண்டைக்காலிலிருந்து இறங்கும் நார் அறுந்துபோகவும் கூடும் என்று 2008-லேயே அமெரிக்காவில் மருந்தின் மேல் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிப் பலகை மேல் நடக்கும் சுமைதூக்கும் தொழிலாளிகளை நினைத்துப் பாருங்கள். குதிகால் வலித்தால் அவர்கள் தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி மூட்டை தூக்குவார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டிய வலி அது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு இந்தக் குடும்பம் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை மிகவும் கீழே இறங்கிவிடலாம். 2018-ல் இதற்கான எச்சரிக்கையும் கடுமையாக்கப்பட்டது. வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

மெட்ரோனிடசோலும் டினிடசோலும் காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகளின், அமீபாவின் மரபணுவை உடைக்கின்றன. வாயில் இரும்புக் கசப்பு, குமட்டல் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் சாப்பிடும் நாட்களிலும் முடிந்த பின் மூன்று நாளும் மது கூடாது என்று மருந்துத் தாளிலேயே எச்சரிக்கை உண்டு. குடிக்கிற பழக்கம் உள்ளவரிடம் இதைச் சொல்லாமல் கொடுப்பது பெரிய தப்பு.

சல்ஃபா குடும்பம் கிருமி தனக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தானே செய்துகொள்வதைத் தடுக்கிறது. நமக்கு அது கீரையிலும் பருப்பிலும் கிடைத்துவிடுவதால் நாம் பிழைத்துக்கொள்கிறோம். இங்கே ஒருவரை நினைக்காமல் போக எனக்கு மனமில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அவர் இயக்குநராக இருந்த அதே ஆய்வகத்திலிருந்துதான் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் பிள்ளையான ஆரியோமைசின் 1948-ல் வெளிவந்தது. அந்த வருஷமே அவர் இறந்துபோனார். நம் சென்னையில் படித்த ஒருவர் பங்கெடுத்து உலகத்துக்குக் கிடைத்த மருந்துக் குடும்பத்தை, அதன் பெயர் தெரியாமல் பொட்டலத்தில் வாங்கித் தின்கிறோம். சல்ஃபா சாப்பிட்டு வாயிலும் கண்ணிலும் புண், தோலில் கொப்புளம் என்று தொடங்கினால் அடுத்த மாத்திரை போடாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் முழுவதும் உரியும் அந்த நிலை உயிரை வாங்கும்.

எல்லா வகைக்கும் பொதுவான ஒரு கெடுதல் உண்டு. குடலில் நமக்கு உதவியாக வாழும் பாக்டீரியாவையும் இவை சேர்த்துக் கொல்கின்றன. வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், பெண்களுக்கு வெள்ளைப்படுதலும் அரிப்பும் வருவது அதனால்தான். இதையும் “சூடு” என்று சொல்லிவிட்டு மோர் குடித்துக் கடந்துவிடுகிறார்கள்.

இனி மருந்துக்கு மசியாத கிருமி. 2010-ல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மெரோபெனம் போன்ற மருந்தையே வெட்டிப்போடும் என்.டி.எம்.-1 என்ற நொதியைக் கொண்ட கிருமிகளைச் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் கண்டார்கள். பென்சிலினும் மெரோபெனமும் தாக்குவது ஒரே சுவரைத்தான். அந்தக் குடும்பத்தை ஏறக்குறைய முழுவதுமாகச் சமாளிக்கக் கிருமி கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். 2012-ல் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்முயற்சியில் உருவான ‘சென்னைப் பிரகடனம்’ இந்தியாவில் ஆன்டிபயாடிக் விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்டது. 2014 மார்ச் முதல் தேதியிலிருந்து எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. செஃபிக்சிம் உட்பட அதில் உள்ள மருந்துகளை விற்றால் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2016-ல் சிவப்புக் கோடு பிரசாரம் வந்தது. மாத்திரை அட்டையின் பின்னால் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்றார்கள். உலக அளவில் 2019-ம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது லான்செட் வெளியிட்ட மதிப்பீடு.

சட்டம் இருக்கிறது, கோடும் இருக்கிறது. ஆனால் கத்தரி வைத்து அட்டையை வெட்டியதும் கோடு ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம் போய்விடுகிறது. நோயாளிக்கு வருவது அலுமினியத் தாளில் ஒட்டிய இரண்டு மாத்திரை.

கடைக்காரர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். “முழு அட்டை வாங்க அவங்ககிட்ட காசு இல்லை. ரெண்டு நாளைக்குக் குடுங்கன்னுதான் கேக்குறாங்க.” உண்மைதான். கூலி வேலைக்காரருக்கு, கடலுக்குப் போய் வெறும் வலையோடு திரும்பியவருக்கு, அன்றைக்குக் கையில் இருப்பதுதான் கணக்கு. அவர்களைக் குறை சொல்லும் கட்டுரை இது இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். ஆனால் காலையில் போனால் ஒரு நாள் கூலி போகும், மாலையில் வேலை முடிந்து வரும்போது மருத்துவர் இருப்பதில்லை. வெட்டித்தான் கொடுக்க வேண்டுமென்றால் வெட்டுங்கள். உறையில் பெயரை எழுதிக் கொடுங்கள். பேனாவும் ஒரு நிமிஷமும்தான் செலவு. மருத்துவர் சீட்டில் ஐந்து நாள் என்று இருந்தால் ஐந்து நாளுக்கும் கொடுங்கள், இரண்டு நாளுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2024-ல் கேரளம் ஆன்டிபயாடிக்கை நீல நிற உறையில் போட்டுக் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. சீட்டில்லாமல் விற்கும் கடைகளில் சோதனையும் நடத்தியது. படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். வீட்டில் நீல உறை இருந்தால் அது சாதாரணக் காய்ச்சல் மாத்திரை இல்லை என்று பாட்டிக்கும் புரியும். தமிழ்நாட்டில் இதைத் தொடங்க இடமும் தயாராக இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அரசின் பெயரில் நடக்கும் அந்தக் கடைகளிலும், 1994-ல் தொடங்கி இந்தியாவுக்கே முன்மாதிரியாக இருக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்தைக் கொடுக்கும் எல்லா அரசு மருத்துவமனைச் சன்னல்களிலும் முதலில் நிற உறையைக் கொண்டுவரட்டும். தனியார் கடைகளுக்கு அடுத்த ஆறு மாதம் கெடு கொடுக்கட்டும்.

ஏழைகளிடம் இதெல்லாம் நடக்காது என்று சொல்கிறவர்களுக்குச் சென்னையே பதில். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து, வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமையில் நடத்தின. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, முட்டை, பால் என்று உலகமே நம்பிய காலம். குடிசையில் நெரிசலாக வாழ்ந்த, சரியான சாப்பாடு இல்லாத நோயாளிகளில் ஒரு பாதியை வீட்டிலேயே வைத்து, ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டு மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். மற்றொரு பாதிக்குச் சானடோரியத்தில் அதே மருந்து. 1959-ல் முடிவு வெளியானபோது, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு பெரிய காரணம்.

அது எப்படி நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தது ஒன்றுக்குத் தப்பும் கிருமி மற்றொன்றில் மாட்டட்டும் என்பதற்காக. அதோடு நிற்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்த மரபு இன்றும் காசநோய்த் திட்டத்தில் இருக்கிறது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். கால் எரிச்சலுக்கு பி-6 வைட்டமின் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எதாம்பியூட்டால் சாப்பிடும்போது பார்வை மங்கினால், நிறம் மாறித் தெரிந்தால் உடனே வரச் சொல்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத காசநோயாளிகூட நான்கு மருந்தின் பெயரைச் சரளமாகச் சொல்வதை நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். சொல்லிக் கொடுத்ததால் சொன்னார்கள். காசநோய்க்குச் செய்த காரியத்தைத் தொண்டை வலிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் செய்ய ஏன் முடியாது?

இன்னொன்றையும் என் ஊர் விவசாயிகள் அறிந்தே இருக்கிறார்கள். சம்பாவில் பி.பி.டி. 5204 ரக நெல் போட்ட வயலில் யூரியா கூடிப்போய், புயல் காற்றும் மழையும் அடித்தால் இலையின் ஓரம் நுனியிலிருந்து மஞ்சளாகி வைக்கோல் நிறத்தில் கருகும். பாக்டீரியா இலைக்கருகல். அதற்கு உரக்கடையில் வாங்கி அடிக்கும் சின்னப் பொட்டலம் ஸ்ட்ரெப்டோசைக்ளின். ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்தது, மனிதருக்குக் கொடுக்கும் அதே மருந்துகள். வாய்க்காலிலும் மண்ணிலும் இருக்கும் கிருமி இதைச் சந்தித்துப் பழகுவது நமக்கு நல்லதில்லை. 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் இதைத் தடை செய்ய வரைவு ஆணை வெளியிட்டது. இருபது சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தெளிக்கலாம் என்று கோவை வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. தழைச்சத்தைப் பிரித்துப் போடுவதும், ஹைதராபாத் விஞ்ஞானிகள் இந்த நோயைத் தாங்குமாறு உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியைப் போடுவதும் இருக்கின்றன. அந்த வழிகளுக்குத்தான் நம் விவசாயிகள் போக வேண்டும் என்பது என் கருத்து.

பயிருக்கு வாங்கும் அந்தப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயர், எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும், எல்லாம் அச்சிட்டிருக்கும். உரக்கடைப் பூச்சிமருந்து டப்பாவில் நஞ்சின் கடுமையைக் காட்டும் வண்ண முக்கோணம் கட்டாயம். நெற்பயிருக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பெயரோடு வருகிறது. அந்த நெல்லை நட்ட பெண்ணுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் பெயரில்லாமல் வந்தது.

அரசு உறை கொண்டுவரும் வரை நாம் செய்யக்கூடியது இது. கடைக்காரர் கத்தரியை எடுக்கும் முன் அட்டையின் பின்பக்கத்தை உங்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் கேளுங்கள். “இது எந்த வகை ஆன்டிபயாடிக், எத்தனை நாள், என்ன சாப்பிடக் கூடாது?” என்று கேளுங்கள். உங்களுக்குப் பென்சிலினோ சல்ஃபாவோ ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், ரேஷன் அட்டை, ஆதார் வைத்திருக்கும் பையிலேயே அந்தப் பெயரைப் பெரிதாக எழுதி வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் அதைப் பதிவு செய்ய இந்தியா முழுவதற்கும் ஒரு கட்டணமில்லா எண் இருக்கிறது: 1800 180 3024. நோயாளியே கூப்பிடலாம், மருத்துவர் வேண்டியதில்லை. நாட்டில் எந்த மருந்து யாருக்கு என்ன கெடுதல் செய்கிறது என்ற கணக்கு அங்கேதான் சேர்கிறது. நடவுக்குப் போன அந்தப் பெண்ணுக்காக நான் கூப்பிட்டேன். மருந்தின் பெயர், தயாரித்த கம்பெனி, தொகுதி எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மருத்துவர் சீட்டு இருந்ததால் பெயரை மட்டும் சொல்ல முடிந்தது. மற்ற இரண்டும் கடையில் தங்கிய பாதி அட்டையில் இருந்தன.